புள்ளி வண்டுக்கு அடித்த மருந்து

கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்த பிறகுதான் நான் செடி வளர்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன்பு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா வீட்டில் இருந்தபோது ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. விடிந்தால் கடை, இருட்டினால் வீடு. மண்ணைத் தொடுகிற வாழ்க்கை இல்லை. சிதம்பரத்தில் வாடகைக்குக் கிடைத்த வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லை ஒட்டி, கொஞ்சம் மண் இருந்தது. என் கணவர் சேத்தியாத்தோப்பில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு வாத்தியார். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்கத் தனியாக இருந்த நான் அந்த மண்ணில் ஒரு வரிசை கத்தரி நட்டேன். நானே நம்ப முடியாத அளவுக்குக் காய்த்தது.

ஹவுஸ் ஓனர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு மதில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிராமத்தில் கொஞ்சம் நிலம் உண்டு, அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவேன். அவர் பக்கத்தில் பந்தல் போட்டுப் பாகல் விட்டிருந்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகச் செடிகளைப் பற்றியே பேசுவோம். நல்ல மனிதர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த வண்டை முதன்முதலில் கத்தரி இலையில் பார்த்தபோது சந்தோஷப்பட்டேன். துவரம்பருப்பு அளவுக்கு, மேலே உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு இருந்தது. பொறிவண்டு என்று நினைத்தேன். பொறிவண்டு செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும், அதை விரட்டக்கூடாது என்று செல்போனில் ஏதோ வீடியோவில் பார்த்திருந்தேன். அதனால் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் இலைகள் சல்லடையாகிவிட்டன. நரம்பு மட்டும் மிஞ்சி, வெயிலில் காட்டினால் வலை மாதிரித் தெரிந்தது. யார் தின்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வண்டுதான். தலையைக் குனிந்துகொண்டு இலையின் பச்சையைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. பொறிவண்டு இலை தின்னாது. அதற்குப் பிறகு உற்றுப் பார்த்ததில் வித்தியாசம் புரிந்தது. பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். இதன் முதுகில் பளபளப்பு இல்லை, மெல்லிய பூனை முடி படர்ந்து மங்கலாக இருந்தது. புள்ளிகளும் நிறைய. இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள் முட்டைகள் கும்பலாக நட்டுவைத்தது போல் நின்றன. அதன் புழு அதைவிட மோசம். மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். இதைப் புள்ளி வண்டு என்பார்கள் என்று மாமாதான் சொன்னார். கத்தரியோடு நிற்காது, பாகலுக்கும் போகும் என்றும் சொன்னார்.

"மருந்து அடிச்சாதாம்மா போவும். கையால பொறுக்கி எத்தினிய பொறுக்குவ?"

"சாப்புடற காயி மாமா. பயமா இருக்கு. நான் பொறுக்கியே பாக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் வெயில் ஏறுவதற்குள் பின்னால் போவேன். ஒரு பழைய மக்கில் சோப்புத் தண்ணீர். செடியை லேசாக உலுக்கினால் வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு செத்தது போல் விழும். மக்கைக் கீழே பிடித்தால் அதிலேயே விழுந்துவிடும். முட்டை இருக்கும் இலையைக் கிள்ளி எடுத்துவிடுவேன். எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் மாமாவுக்குப் பொறுமை போதவில்லை. அவர் பாகல் இலையிலும் சல்லடை விழ ஆரம்பித்திருந்தது. என் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று அவர் நினைத்தார். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

ஒரு நாள் சாயங்காலம் நானும் கணவரும் புவனகிரியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது, பின்பக்கம் போகவில்லை. மறுநாள் காலையில் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கூடையோடு போய்க் காய் பறித்தேன். அவசரம். என் தங்கை கணவர் சிதம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் இரவு வேலை பார்க்கிறார். வேலை முடிந்து கடலூருக்கு ரயில் ஏறுவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தங்கைக்கு ஏழாம் மாதம். என் கத்தரிக்காய் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டிருந்தாள். நல்ல பிஞ்சாகப் பார்த்து ஒரு மஞ்சள் பை நிறையக் கொடுத்து அனுப்பினேன். மீதியைக் கழுவி கொத்சு வைத்தேன். நானும் கணவரும் இட்லிக்குத் தொட்டுக்கொண்டோம். அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பாவிலும் அதையே வைத்தேன்.

எல்லோரும் போன பிறகு துணி துவைத்து முடித்து, வழக்கமான மக்கோடு செடிகளிடம் போனேன். உலுக்கினேன். ஒன்றும் விழவில்லை. கீழே பார்த்தேன். வண்டுகள் மண்ணில் மல்லாக்கக் கிடந்தன. எறும்புகள்கூடச் செத்துக் கிடந்தன. இலைகளின் மேல் வெள்ளையாகச் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தது. குனிந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெயும் அழுகின பூண்டும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். விடியற்காலையில் பனி ஈரத்தில் அது எனக்குத் தெரியவில்லை.

மாமா அந்தப் பக்கம் பந்தலுக்கடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பனியன், மடித்துக் கட்டிய லுங்கி. பக்கத்தில் கைத்தெளிப்பான்.

"மாமா, எங்க செடிக்கு ஏதாவது அடிச்சீங்களா?"

"நேத்து சாயங்காலமே அடிச்சுட்டேம்மா. நீங்க வீட்டுல இல்ல. உன் பக்கம் உட்டுட்டு என் பக்கம் மட்டும் அடிச்சா திரும்பியும் இங்கதான வரும்? அதான் சேத்து அடிச்சுட்டேன். பந்தலுக்கு இப்பதான் அடிச்சு முடிச்சேன்." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். கீழே துப்பினார். "சொல்லணும்னு இருந்தேன். ஒரு வாரம் பத்து நாளைக்குக் காய் பறிக்காத."

மக்கை அங்கேயே போட்டேன். உள்ளே ஓடிவந்து போனை எடுத்தேன்.

தங்கைக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். அவள் கணவருக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். இரவு வேலை பார்த்தவர், வீட்டுக்குப் போனதும் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார். என் கணவருக்கு அடித்தேன். வகுப்பில் போன் எடுக்க அனுமதி இல்லை என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பள்ளி அலுவலக எண்ணைத் தேடி எடுத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"சார் கிளாஸ்ல இருக்காரும்மா."

"அவுரு டப்பாவுல இருக்கற சாப்பாட்டைத் தொடவே வேணாம்னு சொல்லணும். உடனே சொல்லணும்."

"ஏம்மா, உப்பு ஜாஸ்தியாயிடுச்சா?" என்று சிரித்தார்.

"இல்லங்க. கத்தரிக்காயில மருந்து."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. போன் மேஜையில் வைக்கப்படுவதும் செருப்புச் சத்தம் ஓடுவதும் கேட்டது.

பிறகு நான் ஒரு தப்பான காரியம் செய்தேன். பூச்சிமருந்து விஷம் என்று போனில் தேடினேன். வியர்வை, எச்சில் ஊறுதல், வாந்தி, வயிற்றைப் பிசைதல், மூச்சிரைப்பு, கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்குதல். படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக எனக்கே வந்தது. வியர்த்தது. வெயிலாலா, விஷத்தாலா? வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினேன், மறுபடி ஊறியது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று கண்ணை விரித்துப் பார்த்தேன். பாப்பா எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை. விளக்கைப் போட்டேன், அணைத்தேன். இது வெறும் பயம்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை. தங்கையின் வயிற்றில் இருக்கும் பிள்ளையை நினைத்தபோது உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் போனால் என்ன மருந்து என்று கேட்பார்கள் என்பது அப்போதுதான் தோன்றியது. பாட்டிலைக் கேட்டு வாங்க மாமா வீட்டுக்கு வாசல் வழியாகவே ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. அத்தை கையில் சோடா டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"இவுருக்கு என்னமோ பண்ணுதும்மா. ராத்திரியே தலவலின்னாரு. இப்ப ரெண்டு வாட்டி வாந்தி. கேஸா இருக்கும்னு சோடா குடுத்தேன்."

மாமா ஹாலில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்து மார்பில் இறங்கியது, அதைத் துடைக்க அவர் கை எழவில்லை. மூச்சில் கொரகொரவென்று ஒரு சத்தம். கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. நான் கிட்டே போய் அவர் கண்ணைப் பார்த்தேன். சற்று முன் கண்ணாடியில் என் கண்ணில் தேடிய அந்த ஊசிமுனை அவர் கண்ணில் இருந்தது. கறுப்புப் பாப்பா என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

"அத்தை, இது கேஸ் இல்ல. மருந்து ஏறிடுச்சு."

"அவுரு குடிக்கலியேம்மா" என்றார் அத்தை. அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறியது. கணவர் வேண்டுமென்றே குடித்துவிட்டாரோ என்று நான் சந்தேகப்படுவதாக நினைத்துவிட்டார்.

"குடிக்க வேணாம் அத்தை. பந்தலுக்கு அண்ணாந்து அடிச்சிருக்காரு. எல்லாம் இவுரு மேலதான் சொட்டியிருக்கு. நேத்தும் அடிச்சிருக்காரு."

அந்தப் பனியனை அவர் மாற்றவே இல்லை என்று அத்தை சொன்னார். நேற்று அடித்த அதே பனியனோடு இன்றும் அடித்திருக்கிறார். நான் தெருமுனை ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டு வந்தேன். அத்தையும் நானும் சேர்ந்து பனியனைக் கழற்றினோம். எங்கள் கையில் படாமலிருக்கப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சோப்பு போட்டுத் தலை, கழுத்து, கைகளில் தண்ணீர் ஊற்றினோம். ஹால் முழுக்கத் தண்ணீர். பாட்டில் பின்பக்கத் தொட்டி மேல் இருந்தது. அதில் சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் போட்டிருந்தது. வயலுக்கு வாங்கியதில் மீந்தது. வீட்டுக் காய்களுக்கு அடிக்கவே கூடாத மருந்து என்று பிறகு தெரிந்தது. அதை ஒரு பையில் முடிந்து எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் மாமாவின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. எச்சில் உள்ளே போய்விடாமல் ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். அத்தை அவர் காலைப் பிடித்துக்கொண்டு எதிரே குறுகி உட்கார்ந்திருந்தார். தேரடி பக்கம் ஒரே நெரிசல். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் காத்திருந்தேன்.

"காயி பறிச்சிட்டியா?" என்று மாமா கேட்டார். குழறலாகத்தான் வந்தது, ஆனால் எனக்குப் புரிந்தது.

"இல்ல மாமா. பறிக்கல" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பாட்டிலைக் காட்டியதும் யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஊசி போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து தன் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

அப்போது என் போன் அடித்தது. தங்கை.

"என்னக்கா, இத்தினி மிஸ்டு காலு? மாமியாரோட திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்தேன். போனை சைலன்ட்ல போட்டது அப்படியே இருந்துருக்கு."

"கத்தரிக்காய என்னா பண்ண?"

"ஏன் இப்படிக் கேக்கற? எண்ணெய்க் கத்தரிக்கா. கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே அவுங்க செஞ்சு வச்சுட்டாங்க. இப்பதான் சாப்ட்டு எழுந்தேன். சூப்பரா இருந்துது."

சொல்ல வேண்டும். சொன்னால் அவள் பயந்துபோவாள், அந்தப் பயமே பிள்ளைக்கு ஆகாது. சொல்லாமலும் இருக்க முடியாது. "லைன்லயே இரு" என்றேன். திரையை விலக்கி வெளியே வந்த டாக்டரை மறித்துக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். சின்ன வயது டாக்டர். ஒரு நொடி நின்று கேட்டார்.

"கழுவினாங்களா? நல்லா வேக வச்சாங்களா?"

போனில் தங்கையிடம் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றேன்.

"அப்படின்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா கர்ப்பிணின்னு சொல்றீங்க. போன்ல நான் உறுதி சொல்ல மாட்டேன். உடனே கடலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொல்லுங்க. மருந்து பேரைச் சொல்லச் சொல்லுங்க." பிறகு என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, டார்ச்சால் என் கண்ணைப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உக்காருங்க."

தங்கையிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "சரிக்கா, அவுரை எழுப்பறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் சின்னக் குரல்தான் என்னை மிகவும் கலக்கியது.

நான் அனுப்பிய மெசேஜைப் பார்த்துவிட்டு என் கணவர் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்தார். தோளில் பை, பைக்குள் திறக்காத டப்பா. வகுப்பின் நடுவில் அந்தப் பெண் ஓடிவந்து எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொல்லியிருக்கிறார். "காலையில இட்லிக்கு சாப்ட்டமே" என்றார் மெதுவாக. "ஆமா" என்றேன். இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் மாறி மாறிப் பார்த்தோம். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. டாக்டர் அவரையும் பார்த்துவிட்டு, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். நாங்கள் போகவில்லை.

கடலூரிலிருந்து பேச்சே இல்லை. நான் அடிக்கவும் பயந்தேன். வெயில் வராந்தாவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போன பிறகு தங்கை கணவர் அழைத்தார். "பாத்துட்டாங்க அண்ணி. இவளுக்கு ஒண்ணும் இல்ல. குழந்தை துடிப்பு நல்லா இருக்காம். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கச் சொல்லியிருக்காங்க." போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றேன்.

மாமாவுக்குத்தான் ஆபத்து நீங்கவில்லை. மறுநாள் அத்தையோடு என்னையும் உள்ளே விட்டார்கள். இப்போது அவர் கண்ணின் பாப்பா முழுதாக விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விரல்கள் மட்டும் ஓயாமல் வேலை செய்தன. போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்துக் கட்டிலுக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாங்க எடுக்கறீங்க?" என்று அத்தை அவர் காதருகே கேட்டார்.

"வண்டு" என்றார் மாமா. "உள்ள போவுது பாரு."

அந்த ஊசி மருந்து சிலரை அப்படிக் குழப்பும், தெளிந்துவிடும் என்று நர்ஸ் சொன்னார். சொன்னது போலவே தெளிந்தது. ஆனால் அந்தப் போர்வையில் நானும் கொஞ்ச நேரம் வண்டு தேடினேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் வீடு திரும்பியபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது. அதற்குள் நானும் கணவரும் கையில் உறை மாட்டிக்கொண்டு செடியிலிருந்த காய் முழுவதையும் பறித்து, ஆடு மாடு வாய் வைக்காதபடி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்திருந்தோம். செடிகளைப் பிடுங்கிவிடலாம் என்றார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. அடிபட்ட இலைகளையெல்லாம் கழித்துவிட்டேன். புது இலை விட்டது. அதோடு வண்டுகளும் வந்துவிட்டன. அத்தனை பெரிய விஷத்துக்குப் பிறகும் எங்கிருந்தோ வந்து, அதே மங்கலான முதுகோடு இலையைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபமில்லை, பயம்தான். இவற்றை விரட்டுவதற்காக ஒரு மனிதர் போய்விட இருந்தாரே என்று.

மாமாவால் நெடுநேரம் நிற்க முடியாது. மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டும் பாகல் இலைகளைத் திருப்பி முட்டை பார்ப்பார். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி நான் அடிப்பேன், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவர் பார்த்துச் சொல்வார். ஒரு நாள் இலையைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு ஆட்டோவுல, காயி பறிக்கலன்னு சொன்ன. நெசமா?"

"அத்தை எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்களே மாமா."

"சொன்னா." இன்னொரு இலையைத் திருப்பினார். "உன் தங்கச்சிக்குப் பொறந்துடுச்சா?"

"பொண்ணு மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, ஆனால் இலையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

குழந்தையைப் பார்க்கப் போனபோது திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் காய் வாங்க நின்றேன். கத்தரிக்காய் மலைபோல் குவிந்திருந்தது. ஒன்றில்கூட ஓட்டை இல்லை, ஒரு கீறல் இல்லை. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாசனையும் இல்லை.

"மோந்து பாக்கறியே, பூவா அது?" என்றார் கடைக்கார அம்மா. "எல்லாம் நல்ல காயி. கண்ண மூடிக்கினு அள்ளு."

"இதுக்கு எப்பம்மா மருந்து அடிச்சாங்க?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? லாரியில வருது."

வாங்கினேன். வாங்காமல் எத்தனை நாள் சமைக்க முடியும்? தங்கை வீட்டில் உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, திரும்பத் திரும்பக் கழுவி, நானே சமைத்தேன். தங்கைக்கு முன்னால் நான் முதலில் சாப்பிட்டேன். அவள் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் பரிமாறினேன்.